புதிதாகச் சேர்ந்த இடத்தில் கதை எந்த வழியால் போகிறது? சின்னக் குழுவில் வேலை தொடங்குபவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் முதல் வேலை பெரும்பாலும் சின்ன இடத்தில்தான் கிடைக்கும். ஸ்ரான்லி வீதியில் ஒரு கணக்காளர் கந்தோர், திருநெல்வேலியில் ஒரு வீட்டு மேல்மாடியில் இருந்து மென்பொருள் எழுதும் நாலைந்து பேர், கொக்குவில் பக்கம் ஓர் அச்சகம், இல்லாவிட்டால் ஏதாவது வங்கிக் கிளை. ஐந்து பேர், எட்டுப் பேர், மிஞ்சினால் பன்னிரண்டு பேர். பயிற்சி வகுப்பு என்று ஒன்றும் இருக்காது. "அண்ணையோட இருந்து பழகுங்கோ" என்று ஒரு கதிரையைக் காட்டிவிடுவார்கள். வேலையை அண்ணை பழக்கிவிடுவார், அதில் பயமில்லை. எதை யாரிடம் கேட்பது, யார் சொன்னால் காரியம் நடக்கும், நாம் சொன்னது உரிய ஆளிடம் போய்ச் சேர்ந்ததா என்று எப்படி அறிவது என்பதைத்தான் ஒருவரும் பழக்குவதில்லை. வேலை நன்றாகத் தெரிந்த பிள்ளைகளே மூன்றாம் மாதத்தில் "அங்க எனக்கு ஒத்துவரேல்லை" என்று விட்டுவிட்டு வருவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு.

முதல் வாரம்: கோடு போட்டுப் பாருங்கள்

அச்சகத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு செத்தவீடு முடிந்து, 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு நினைவு மலர் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். திகதியைத் தள்ளிப்போட முடியாத வேலை. முன்னுக்கு இருந்து ஓடர் எடுப்பவர் ஓர் அக்கா. கணினியில் பக்கம் அமைப்பவர் ஒரு தம்பி. மெய்ப்புப் பார்க்க, ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பின்னேரங்களில் வருவார். மெசினில் நிற்பவர் அந்த இடத்தோடு வளர்ந்த அண்ணை. மேலே முதலாளி. யாரையாவது கேட்டால், வேலை அக்காவிடம் தொடங்கித் தம்பி, வாத்தியார், அண்ணை என்று ஒரே கோட்டில் போகிறது என்பார்கள்.

நடப்பதைப் பாருங்கள். ரொறன்ரோவில் இருக்கும் மூத்த மகன் தன் வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு ஒரு படத்தை நேரே தம்பியின் வட்ஸ்அப்புக்கு அனுப்புகிறார். நமக்கு அது விடியப்புறம் ஐந்தரை. லண்டன் மகள் மத்தியானம் அக்காவுக்கு எடுத்து, "பேரப்பிள்ளையின்ர பேரில எழுத்துப் பிழை" என்கிறார். ஊரில் இருக்கும் மருமகன் முதலாளியைக் கோயிலில் கண்டு, "அந்தத் தேவாரத்தை மாத்தி வேற ஒண்டு போடுங்கோ" என்கிறார். திருத்தம் மூன்று, வந்த வழியும் மூன்று. மெசின் அண்ணையின் கையில் இருப்பது நேற்றைய பிரதி. ஒருவரும் தன் வேலையில் பிழை விடவில்லை, ஆனாலும் மலர் பிழையாகத்தான் வரும்.

ஆட்களின் எண்ணிக்கையை அதைவிட ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கி இரண்டால் பிரித்துப் பாருங்கள். ஐந்து பேர் இருக்கும் இடத்தில் கதைக்கக்கூடிய சோடிகள் 10. எட்டுப் பேர் என்றால் 28. பன்னிரண்டு பேர் என்றால் 66. வேலை கூடிவிட்டது, இன்னும் இரண்டு பேரை எடுப்போம் என்று முதலாளிமார் நினைப்பார்கள். அந்த இரண்டு பேரோடு சேர்ந்து வரும் புதிய சோடிகளை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஆகவே முதல் வாரம் இதைச் செய்யுங்கள். ஒரு கொப்பியில் எல்லோருடைய பெயரையும் வட்டமாக எழுதுங்கள். வேலை விடயமாக ஒருவர் இன்னொருவரிடம் கேட்பதைக் காணும்போதெல்லாம் அந்த இரு பெயருக்கும் இடையில் ஒரு கோடு. (கொப்பியை வீட்டில் வைத்து எழுதுங்கள். கந்தோரில் பிடிபட்டால் சி.ஐ.டி. என்று பெயர் வைத்துவிடுவார்கள், பிறகு அது கழராது.) சனிக்கிழமை எடுத்துப் பார்த்தால் ஒரு பெயரைச் சுற்றிக் கோடுகள் குவிந்திருக்கும். அது முதலாளியாக இருப்பது அபூர்வம். கணக்கில் இருக்கும் அக்காவாக இருக்கலாம். கொழும்புத் தலைமைக் காரியாலயத்தில் இருந்து சிங்களத்தில் வரும் சுற்றறிக்கையை வாசித்துச் சொல்லக்கூடிய ஒரே ஆளாக இருக்கலாம். அப்படிப்பட்டவருக்குப் பதவியும் இல்லை, அதற்குத் தனிச் சம்பளமும் இல்லை. ஆனால் அவர் லீவில் நிற்கும் நாளில் பாதி வேலை நின்றுவிடும்.

இந்த அமைப்பைப் பற்றிப் பழைய ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஹெரால்ட் லெவிட் என்பவர் ஐந்து ஐந்து பேராகக் குழுக்களை இருத்தி, நடுவில் மறைப்புப் போட்டு, துண்டுக் காகிதத்தில் மட்டும் எழுதிப் பரிமாறச் சொல்லி, 1951இல் முடிவுகளை வெளியிட்டார். சில குழுவில் எல்லாத் துண்டும் நடுவில் இருக்கும் ஒருவரிடமே போகும். சில குழுவில் வட்டமாக, ஒவ்வொருவரும் பக்கத்தில் இருக்கும் இருவருக்கு மட்டும் அனுப்பலாம். சுலபமான கணக்கை நடு ஆள் உள்ள குழு கெதியாக முடித்தது. வட்டக் குழு அதிகம் எழுதியது, அதிகம் பிழை விட்டது. ஆனால் விட்ட பிழையைத் தானே பிடித்துத் திருத்தியதிலும், வேலையை விரும்பிச் செய்ததிலும் முன்னுக்கு நின்றது. நடு ஆள் உள்ள குழுவில் சந்தோசமாக இருந்தவர் அந்த நடு ஆள் மட்டும்தான். சிக்கலான வேலைகளுக்கு, எல்லோரும் எல்லோரோடும் கதைக்கும் அமைப்பே நல்லது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

உங்களுக்கு இதனால் என்ன பயன்? நாளாந்த வேலையில் எது மாறினாலும் அந்த நடு ஆளுக்கு முதலில் சொல்லுங்கள். மேசைமேசையாகப் போய்ச் சொல்லிக் களைக்க வேண்டாம். அச்சகத்தில் அது ஓடர் அக்கா என்றால், திருத்தம் யாருக்கு வந்தாலும் அவரிடம் ஒரு கொப்பியில் ஏற வேண்டும். அதில் ஏறாத திருத்தம் மெசினுக்குப் போகக்கூடாது. இதைப் புதியவர் சட்டமாகப் போட முடியாது. ஆனால் உங்களுக்கு வரும் திருத்தத்தை நீங்கள் அக்காவிடம் கொண்டுபோய் எழுதுவிப்பதை ஒருவரும் தடுக்கமாட்டார்கள். கொஞ்ச நாளில் மற்றவர்களுக்கும் அது பழகிவிடும். புதிய வாடிக்கையாளர், புதிய மெசின், ஒருவருக்கும் விடை தெரியாத பிரச்சினை என்று வந்தால் மட்டும் எல்லோரையும் ஒரு மேசைக்குக் கூப்பிடும்படி கேளுங்கள்.

கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுப்பதானால் இதை எடுங்கள்.

"தம்பி, அந்த நல்லூர் ஓடரைக் கெதியா முடிச்சு அனுப்பும்."

"ஓம் சேர்."

இருவருக்கும் திருப்தி. ஆனால் நல்லூருக்கு இரண்டு ஓடர் இருக்கிறது, எதைச் சொன்னார்? கெதியாக என்றால் இன்றைக்கா, வெள்ளிக்கிழமைக்கா? அனுப்புவது யார்? தம்பிக்குத் தெரியாது. தம்பிக்குத் தெரியாது என்பது சேருக்கும் தெரியாது. பெரியவர் சொன்னவுடன் "ஓம்" என்று சொல்லித்தான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம். காதில் விழுந்தது என்பதற்கும் அதே ஓம், ஏற்றுக்கொள்கிறேன் என்பதற்கும் அதே ஓம், இப்போதைக்கு விடுங்கோ என்பதற்கும் அதே ஓம். இப்படிச் செய்து பாருங்கள்:

"ஓம் சேர். நல்லூர் ஓடர் எண்டா அந்த 300 கலியாணக் காட்தானே? வெள்ளி பின்னேரத்துக்கு முதல் நான் வீட்ட கொண்டுபோய்க் குடுக்கட்டோ?"

"இல்லை இல்லை, வியாழன் காலமை. இப்ப திருவிழா, பின்னேரம் அந்தப் பக்கம் வாகனம் விடமாட்டாங்கள். வீட்ட வேண்டாம், அவையே வந்து எடுப்பினம்."

ஒரே ஒரு கேள்வியில் நாள், நேரம், இடம் மூன்றும் மாறிவிட்டன. நல்லூர் கொடியேறினால் 25 நாளும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் எப்படி இருக்கும் என்று உள்ளூர்க்காரர் சேருக்குத் தெரியும். புத்தளத்தில் இருந்தோ மலையகத்தில் இருந்தோ வேலைக்கு வந்த உங்களுக்கு அதை யாராவது சொன்னால்தானே தெரியும்?

விமானிகள் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்லும் அனுமதியைத் திருப்பிச் சொல்வது கட்டாயம். தொலைபேசியில் வைத்தியர் சொல்லும் மருந்தின் பெயரையும் அளவையும் தாதியர் எழுதி, திருப்பி வாசித்து உறுதிசெய்வார்கள். உங்கள் இடத்தில் யாரும் உயிர் விடப்போவதில்லைதான், ஆனாலும் முறை அதே முறை. என்ன, எப்போது, யார் ஆகிய மூன்றும் உங்கள் வாயால் வர வேண்டும். "விளங்கிச்சுதோ?" என்று கேட்டால் எவரும் ஓம் என்றுதான் சொல்வார்கள் என்பதால், நீங்கள் ஒருவருக்கு வேலை சொல்லும்போதும் அப்படிக் கேட்காதீர்கள். "எங்க இருந்து தொடங்கப் போறீங்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில் விளங்கியதும் விளங்காததும் வெளியே வந்துவிடும்.

"பாப்பம்" என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்தில் நெருக்காதீர்கள். "சரி அண்ணை, அப்ப புதன்கிழமை வந்து கேக்கிறன்" என்று ஒரு நாளை மட்டும் வைத்துவிட்டு வாருங்கள். அப்புறம் புதன்கிழமை உண்மையாகவே போய்க் கேளுங்கள்.

அண்ணை சொன்னது பிழை என்று தெரிந்தால்

இங்கே சின்ன இடங்களில் யாரும் பதவிப் பெயரால் கூப்பிடுவதில்லை. முதலாளி சேர் அல்லது ஐயா, மூத்தவர்கள் அண்ணை, அக்கா, இளையவர்கள் தம்பி, தங்கச்சி. நீங்கள் வயதில் குறைந்தவர், மெசினைத் துடைப்பவர் உட்பட எல்லோரையும் "நீங்கள்" என்றே சொல்லுங்கள். முதலாளி உங்களை "நீர்" என்றால் கோபிக்க ஒன்றுமில்லை, அந்தத் தலைமுறையில் அது மரியாதைக்குள் அடங்கும். ஆனால் நீங்கள் அதைத் திருப்பிப் பாவிக்கப் போகாதீர்கள்.

உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவதில் ஒரு இதம் இருக்கிறது, ஒரு கட்டும் இருக்கிறது. அண்ணை என்று கூப்பிட்ட ஆளை நாலு பேருக்கு முன்னால் மறுத்துக் கதைத்தால், நீங்கள் வேலையைப் பற்றித்தான் சொன்னீர்கள் என்று ஒருவரும் எடுக்கமாட்டார்கள். இதை வைத்துக்கொண்டு எங்கள் ஆட்கள்தான் வாய்மூடிகள் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1950களில் சொலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்க மாணவர்களிடம் மூன்று கோடுகளைக் காட்டி, முன்னால் வைத்த கோட்டின் நீளத்துக்குச் சமமானது எது என்று கேட்டார். கூட இருந்தவர்கள் எல்லோரும் முன்கூட்டியே சொல்லிவைத்தபடி பிழையான விடையைச் சொன்னார்கள். கண்ணுக்கு முன்னால் விடை இருந்தும் நாலில் மூன்று பங்கு மாணவர்கள் ஒரு தடவையாவது அந்தப் பிழைக்கு ஒத்துப்போனார்கள். ஆனால் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும், ஒத்துப்போவது பெரிதாகக் குறைந்துவிட்டது.

அந்தக் கடைசி வரிதான் உங்களுக்கு வேண்டியது. பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில், கூட்டம் தொடங்குவதற்கு முன், அண்ணையிடம் தனியே போய்க் கேள்வியாகக் கேளுங்கள்: "அண்ணை, போன முறை இந்தத் தாளில மை ஊறினது எண்டு சொன்னவை. இந்த முறையும் அதே தாளோ?" பெரும்பாலும் அவரே, "ஓம், அது சரிவராது" என்று சொல்லிவிடுவார், கூட்டத்தில் அவரே மாற்றியும் விடுவார். பெயர் அவருக்குப் போகும், போகட்டும். அவர் கேட்கவில்லை என்றால், அதே சந்தேகம் உள்ள இன்னொருவரைத் தேடுங்கள். கூட்டத்தில் நீங்கள் கேள்வியைப் போட, அவர் "எனக்கும் அந்த யோசனை இருந்தது" என்று ஒரு வரி சொன்னால் போதும். பணமோ பாதுகாப்போ சம்பந்தப்பட்ட விடயம் என்றால் மட்டும் இந்த முறைகளை எல்லாம் பாராமல் உடனே, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிடுங்கள்.

தேத்தண்ணி நேரத்துக்குக் கட்டாயம் போங்கள். கதை பாதி அங்கேதான் பரிமாறப்படுகிறது. ஆனால் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் காவாதீர்கள். கதை காவி என்று பெயர் எடுத்தவருக்கு முன்னால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். வேலைக்குத் தேவையான சேதிகூடப் பிறகு உங்களிடம் வராது.

கூட்டம்

ஊர்ச் சனசமூக நிலையத்துப் பொதுக்கூட்டத்துக்குப் போய்ப் பழகியவர்களுக்கு ஒழுங்கு தெரியும். கடவுள் வணக்கம், தலைமையுரை, சென்ற கூட்டறிக்கை வாசித்தல், கணக்கறிக்கை, பிறகு தீர்மானம். தீர்மானத்துக்கு முன்மொழிந்தவர் யார், வழிமொழிந்தவர் யார் என்று பெயரோடு எழுதப்படும். இளம் ஆட்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நீட்டி முழக்குவது உண்மைதான், ஆனால் சென்ற கூட்டறிக்கையை வாசிக்கும் அந்த ஐந்து நிமிடத்தில், போன முறை ஒப்புக்கொண்டுவிட்டுச் செய்யாதவர் எல்லோர் முன்னாலும் இருக்கிறார். பல கந்தோர்க் கூட்டங்களில் அது இல்லை. எல்லோரும் கதைக்கிறார்கள், எழும்பிப் போகிறார்கள், அடுத்த கிழமை அதையே திரும்பவும் கதைக்கிறார்கள்.

எழுதும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். புதியவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. யார், எதை, எந்த நாளுக்குள் என்று ஒரு வரிக்கு ஒரு முடிவாக எழுதி, கூட்டம் கலைவதற்கு முன் சத்தமாக வாசியுங்கள். "நான் அப்பிடிச் சொல்லேல்லையே" என்பது அப்போதே வந்தால் சுகம்.

அடுத்தது, உங்களுக்கு மட்டும் தெரிந்ததை வாய்விட்டுச் சொல்வது. 1985இல் ஸ்டாசர், டைட்டஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், மாணவர் தலைவர் பதவிக்கு ஒருவரைத் தெரிவுசெய்யும்படி நாலு பேர் கொண்ட குழுக்களிடம் கொடுத்தார்கள். வேட்பாளர்களைப் பற்றிய சில தகவல் எல்லோர் கையிலும் இருந்தது, சிலது ஒருவரிடம் மட்டும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் நல்லவர் யார் என்று தெரிந்துவிடும். பல குழுக்கள் கூட்டிப் பார்க்கவே இல்லை. எல்லோருக்கும் ஏற்கனவே தெரிந்ததையே சுற்றிச்சுற்றிக் கதைத்துவிட்டு வேறொருவரைத் தெரிவுசெய்தன. உங்கள் இடத்திலும் அப்படித்தான் நடக்கும். நேற்று வாடிக்கையாளரோடு கதைத்தவர் நீங்கள் மட்டும் என்றால், "இது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்" என்று நினைத்துச் சும்மா இருக்காதீர்கள்.

வட்ஸ்அப் குழு

நீட்டாமல் சொல்கிறேன். பெயர், எண், திகதி, விலை ஆகிய நாலும் எழுத்தில் வர வேண்டும். விளக்கம் சொல்லக் குரல்பதிவு நல்லது, ஆனால் நாலு நிமிடக் குரல்பதிவுக்குள் புதைந்த ஒரு விலையை நாளைக்கு யார் தேடி எடுப்பது? ஒரு செய்தியில் ஒரு விடயம், யாருக்கு என்று பெயரும் போடுங்கள். பொதுவாகப் போட்ட வேலையை ஒருவரும் எடுக்கமாட்டார்கள். நீலக் குறி விழுந்ததை வைத்து ஆள் ஏற்றுக்கொண்டதாக எடுக்காதீர்கள். ஒருவரின் பிழையைக் குழுவில் போடவே போடாதீர்கள். முதலாளி இல்லாத இன்னொரு குழுவும் எங்கேயும் இருக்கும். அதில் சேர்க்கப்பட்டால் சேருங்கள், ஆனால் யாராவது ஸ்கிரீன்ஷொட் எடுத்து அது முதலாளிக்குப் போனாலும் வெட்கப்படாத அளவுக்கே எழுதுங்கள்.

பிழை நடந்தால், ஆள் போனால்

ஏமி எட்மன்சன் என்ற ஆய்வாளர் 1990களில் வைத்தியசாலைக் குழுக்களில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல குழுவில் பிழை குறையும் என்றுதான் எதிர்பார்த்தார். நன்றாக இயங்கிய குழுக்களில் பதிவான பிழை கூடவாக இருந்தது. அந்தக் குழுக்களில் ஆட்கள் பயப்படாமல் வெளியே சொன்னார்கள், மற்றக் குழுக்களில் மறைத்தார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். உங்கள் இடம் எந்த வகை என்று அறிய, பிழையைச் சொன்ன ஒருவருக்கு அடுத்த நாள் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். எந்த வகையாக இருந்தாலும், உங்கள் கையால் ஏதாவது கெட்டால் உடனே சொல்லுங்கள். நடந்தது என்ன, இப்போது நிலை என்ன, நான் செய்யப்போவது என்ன என்று மூன்று வரி போதும். காரணம் கேட்டால் பிறகு சொல்லலாம்.

கடைசியாக ஒன்று, இது எங்கள் ஊருக்கே உரியது. விசா சரிவந்தால் ஆள் இரண்டு கிழமையில் போய்விடுவார். அதுவரை வாயே திறக்கமாட்டார், அவரைக் குறைசொல்லவும் முடியாது. எனவே யாராவது போவதாக அறிவிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே, வேலை பழகும் சாக்கில் கேட்டுக் கொப்பியில் ஏற்றுங்கள்: எந்த வாடிக்கையாளருக்குக் கடன் கொடுக்கலாம், தாள் கொண்டுவரும் ஆளின் இலக்கம் யாருடைய போனில் இருக்கிறது, கடவுச்சொல் எங்கே, மெசின் நின்றால் யாரைக் கூப்பிடுவது. ஆள் போவது உறுதி என்று தெரிந்துவிட்டால், அவர் சொல்ல நீங்கள் எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். அவரைப் பக்கத்துக் கதிரையில் இருத்திவிட்டு ஒரு முழு நாள் அந்த வேலையை நீங்களே செய்யுங்கள், வரும் தொலைபேசியையும் நீங்களே எடுங்கள். அவர் சொல்ல மறந்ததெல்லாம் அன்றைக்குத்தான் தெரியவரும்.